ரீபேஸில் 'அவர்ஸ்' என்றால் அவருடையது

போன ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. "அண்ணா, எங்க டீம்ல ரீபேஸ் பண்ணித்தான் அனுப்பணும்ங்கறாங்க. நீங்க ரொம்ப நாளா பண்றீங்களே, நல்லதுதானா?" யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். எழுத உட்கார்ந்தால் பாதிக்கு மேல் புலம்பலாகத்தான் வருகிறது.

கிருஷ்ணகிரியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். கோடில் செய்யும் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் 'கிட்' என்ற கருவியில் ஒரு கட்டளைதான் ரீபேஸ். எனக்கு ஆறு வருடப் பழக்கம். அது என்ன செய்யும் என்று ஒருமுறை அப்பாவுக்கு விளக்கப் பார்த்தேன். மாந்தோப்புக்காரர், சந்தூர் நர்சரிகளில் செடி வாங்கி வாங்கிக் கை பழகியவர். "ஒரு கிளையை எடுத்து வேற வேர்ச்செடி மேல ஒட்டு கட்டற மாதிரிப்பா" என்றேன். "அப்ப பழைய மரத்துல அந்தக் கிளை?" என்றார். அது அங்கேயே இருக்கும் என்றதும் சிரித்துவிட்டார். "குச்சிய வெட்டாம எப்படிடா ஒட்டு கட்டுவ?"

அவர் கேட்டதுதான் சரி. ரீபேஸ் எதையும் வெட்டுவதில்லை, நகர்த்துவதும் இல்லை. சேமித்து வைத்த ஒவ்வொரு மாற்றத்தையும், அதாவது ஒவ்வொரு கமிட்டாக, நகலெடுத்துப் புதிய இடத்தில் வைக்கிறது. ஒரு கமிட்டின் அடையாள எண்ணைக் கணக்கிடும்போது அதன் தாய்க் கமிட்டின் எண்ணும் சேர்கிறது. தாய் மாறினால் எண்ணும் மாறித்தான் ஆக வேண்டும். பழைய கமிட்டுகள் கண்ணில் படாமல் கிடக்கும், எது எங்கே இருந்தது என்று கிட் குறித்து வைக்கும் ரெஃப்லாகில் தேடினால் கிடைக்கும். இயல்பான அமைப்பில் 30 நாளாவது பத்திரமாக இருக்கும். இன்னொருவரும் வேலை செய்கிற பிராஞ்சில் (கமிட்டுகள் வரிசையாக வரும் கிளையில்) ரீபேஸ் போடாதே என்பதும் இதனால்தான். அவரிடம் பழைய நகல், உங்களிடம் புதிய நகல், நடுவில் சண்டை.

நல்லதையும் சொல்ல வேண்டும். 'ஆன்டு' (onto) என்ற ஆப்ஷனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கூட வேலை செய்பவரின் 'வரி' பிராஞ்சிலிருந்து என் 'ரசீது' பிராஞ்சைக் கிளப்பியிருந்தேன். அவருடைய ஒன்பது கமிட்டையும் ஒரே கமிட்டாக ஸ்க்வாஷ் செய்து, எல்லோருக்கும் பொதுவான மெயின் பிராஞ்சில் சேர்த்துவிட்டார்கள். நான் சாதாரண ரீபேஸ் போட்டால், அந்த ஒன்றும் இந்த ஒன்பதும் ஒரே விஷயம் என்று கிட்டுக்குத் தெரியவில்லை. ஒன்பதையும் மறுபடி என் தலையில் கட்டப் பார்த்தது, வரிசையாகக் கான்ஃப்ளிக்ட்: ஒரே இடத்தில் இரண்டு விதமான மாற்றம், எது வேண்டும் என்று நீயே சொல் என்று நின்றுவிடும். அப்புறம் 'கிட் ரீபேஸ் --ஆன்டு மெயின் வரி ரசீது' என்று ஒரே வரி. மெயின் மேல் வை. வரி முடிந்த இடத்துக்கு அப்புறம் ரசீதில் இருப்பதை மட்டும் எடு. என்னுடைய மூன்று கமிட் மட்டும் சுத்தமாக வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு ரீபேஸ் கோயில் கட்டச் சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பேன்.

இப்போது புலம்பல்.

கான்ஃப்ளிக்ட் வந்தால் 'அவர்ஸ்' வேண்டுமா, 'தெய்ர்ஸ்' வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கலாம். நம்முடையது, அவர்களுடையது. இரண்டு பிராஞ்சையும் நகலெடுக்காமல் இணைக்கும் மெர்ஜில் அர்த்தம் அப்படியேதான். ரீபேஸில் தலைகீழ்! முதலில் மெயினில் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து என் கமிட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறது. நிற்கிற இடம்தான் 'அவர்ஸ்', கான்ஃப்ளிக்டில் 'ஹெட்' என்று காட்டுவதும் அதைத்தான். என் சொந்த உழைப்புக்குப் பெயர் 'தெய்ர்ஸ்'. இடம் மாறித் தெரியலாம் என்று கிட்டை எழுதியவர்களே டாகுமென்டேஷனில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். தொப்பூர் இறக்கத்தில் 'மெதுவாகச் செல்லவும்' பலகை வைத்த மாதிரி.

போன மாதம் இரவு பதினோரு மணிக்கு, என்னுடையதுதானே என்று நம்பி 'அவர்ஸ்' அழுத்தினேன். ரசீதில் எடையை முழுமையாக்கும் நாற்பது வரி காணாமல் போனது. ரெஃப்லாகில் தேடிப் பிடித்து, பழைய நிலைக்கு ரீசெட் செய்து, மறுபடி ரீபேஸ் போட்டேன். மறுபடியும் அதே நாற்பது வரியைக் காணோம். என்னடா இது என்று பார்த்தால், ஒரே கான்ஃப்ளிக்டைத் திரும்பத் திரும்பத் தீர்க்க வேண்டாமே என்று எப்போதோ 'ரெரெரெ' வசதியைப் போட்டு வைத்திருந்தேன். முன்பு எப்படித் தீர்த்தோம் என்பதை ஞாபகம் வைத்து அதுவே தீர்க்கும். என் தப்பையும் விசுவாசமாக ஞாபகம் வைத்திருந்தது. நானும் பார்க்காமலே, தீர்ந்துவிட்டது என்று ஆட் செய்து தாண்டியிருக்கிறேன். 'ரெரெரெ ஃபர்கெட்' என்று அந்த ஃபைலின் பெயரைச் சொல்லி மறக்க வைத்த பிறகுதான் வழிக்கு வந்தது.

அந்த ராத்திரி கண்டுபிடித்ததுதான் தலைப்பில் இருக்கிறது. 'அவர்ஸ்' என்பதைத் தமிழாகப் படியுங்கள்: அவருடையது. ரீபேஸில் இது தவறவே தவறாது. மெர்ஜில் இதை நம்பினால் தெருவில்தான் நிற்க வேண்டும்.

நேற்று சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டேன். இவ்வளவு வருடம் பயன்படுத்தியும், இனியும் பயன்படுத்தப் போகிறவனாக இருந்தும், வாயில் வந்தது இதுதான்: "பேசாம மெர்ஜ் பண்ணிட்டுப் போய்த் தூங்கு."

"டீம் லீட் விடமாட்டாருண்ணா. இப்பக்கூட பாதியில நிக்குது."

"சரி, கான்ஃப்ளிக்ட்ல மேல என்ன போட்டிருக்கு?"

"ஹெட்னு இருக்கு."

"அது யாரோடது?"

"என்னோடதுதான், அதையே வச்சுக்கிட்டேன்."

கீபோர்டிலிருந்து கையை எடு, நான் சொல்கிற வரைக்கும் எதையும் அழுத்தாதே என்றேன்.