அக்னி நட்சத்திரத்துக்கு எந்தக் கேமரா: ஃபிலிமா, இன்ஸ்டன்டா?

நிக்கான் எஃப்எம்10 என்ற ஃபிலிம் கேமரா ஒரு பக்கம், எடுத்தவுடன் படத்தை அட்டையாகத் தரும் ஃபியூஜிஃபிலிம் இன்ஸ்டாக்ஸ் மினி 12 இன்னொரு பக்கம். இரண்டில் எதை வாங்கலாம் என்று வேலூர்ப் பக்கத்திலிருந்து யார் கேட்டாலும் நான் பதிலுக்கு ஒன்றைத்தான் கேட்பேன்: "மே மாசத்துல படம் எடுப்பீங்களா?" விலை, எடை, பார்க்க எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கியது எஃப்எம்10, செகண்ட் ஹேண்ட். இன்ஸ்டாக்ஸ் தங்கச்சியுடையது. அவள் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து பாதி நாள் என்னிடம்தான் கிடக்கிறது, ஆகவே பழகாமல் பேசவில்லை.

ஃபோன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பதற்கு நீளமாகப் பதில் சொல்லப்போவதில்லை. ஃபோனில் கோட்டை அகழியை வளைத்து வளைத்து எடுத்துவிட்டு ஒன்றைக்கூட மறுபடி பார்ப்பதில்லை. ரோலுக்கு 36, இன்ஸ்டாக்ஸ் பேக்குக்கு 10 என்று கணக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு கிளிக்குக்கும் முன்னால் ஒரு நிதானம் வந்துவிடுகிறது. இதில் இரண்டும் சமம்.

எஃப்எம்10 வந்தது 1995-ல். பெயர்தான் நிக்கான், செய்து கொடுத்தது கோசினா. பிளாஸ்டிக் உடம்பு, ஆனால் வெளிச்சத்தை உள்ளே விடும் ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல், வேகம் 1/2000 நொடி வரை போகும். இரண்டு எல்ஆர்44 பட்டன் செல் போடுவது லைட் மீட்டருக்கு மட்டும். செல் தீர்ந்தாலும் படம் எடுக்கலாம்: வெயிலில் லென்ஸின் துளையை எஃப்/16-ல் வைத்து, ஃபிலிமின் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்ற எண்) என்னவோ, நொடியில் அத்தனையில் ஒரு பங்கை ஷட்டர் வேகமாக வைத்தால் போதும் என்பது பழைய ஸ்டுடியோக்காரர்களின் கணக்கு. இன்ஸ்டாக்ஸில் இந்த வம்பே கிடையாது. லென்ஸைத் திருப்பினால் ஆன். வெளிச்சத்தின் அளவை அதுவே பார்த்துக்கொள்ளும், ஃபிளாஷ் கேட்காமலே அடிக்கும், கையடக்கமாக ஒரு அட்டை வெளியே வரும். அதில் படம் 62-க்கு 46 மில்லிமீட்டர். பள்ளிக்கூடப் பிள்ளை முதல் நாளே எடுத்துவிடும். எஃப்எம்10-ஐ யாராவது கூட உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. இன்ஸ்டாக்ஸ் அட்டை ஒன்று ஐம்பது ரூபாய்க்கு மேல். கலர் ரோல் வாங்கி, டெவலப், ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஆயிரத்தை நன்றாகவே தாண்டும். 36-ஆல் வகுத்தால் படத்துக்குக் கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான். விலை அடிக்கடி ஏறி இறங்குவதால் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இனி வெயில்.

இன்ஸ்டன்ட் கேமரா வாங்குகிறவர்கள் மறந்துவிடுகிற விஷயம், படத்தை டெவலப் செய்யும் லேப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது என்பது. ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் ரசாயனம் அடைத்த சின்னப் பை ஒன்று உண்டு. அட்டை வெளியே வரும்போது இரண்டு உருளைகள் அந்தப் பையை நசுக்கி, உள்ளிருப்பதை அட்டை முழுக்க ஒரே சீராகத் தடவிவிடும். அங்கிருந்து டெவலப் நடப்பது உங்கள் கையில். நீங்கள் எங்கே நிற்கிறீர்களோ அங்கே அடிக்கிற சூடுதான் லேப்பின் சூடு. ஃபியூஜி சொல்லும் வரம்பு 5 டிகிரியிலிருந்து 40 டிகிரி வரை. மே மாதத்தில் வேலூரில் 40-ஐத் தாண்டுவது செய்தியே இல்லை, அதுவும் நிழலில் அளந்த கணக்கு. சத்துவாச்சாரியில் வண்டியை வெயிலில் விட்டுவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள், சீட்டுக்கு அடியில் இருக்கும் கேமராவுக்கு எவ்வளவு ஏறியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி ஒன்றாம் தேதி, அதாவது மே நடுவில். படம் எடுக்க அதைவிட நல்ல நாள் நம் பக்கத்தில் இல்லை. இன்ஸ்டன்ட் அட்டைக்கு அதைவிடக் கெட்ட நாளும் இல்லை.

இன்னொரு இன்ஸ்டன்ட் வகையான போலராய்டு இன்னும் சென்சிடிவ். நான் அதில் எடுத்ததில்லை, ஆனால் கம்பெனியே சொல்லும் வரம்பு 13-லிருந்து 28 டிகிரி. சூடு கூடினால் படம் மஞ்சளாக, சிவப்பாகச் சாயும் என்கிறார்கள். 28 டிகிரிக்குள் வேலூர் நம்பிக்கையாக இருப்பது மார்கழி, தை மாதத்துக் காலை நேரங்களில். ஏலகிரியில் வீடு இருப்பவர்கள் யோசிக்கலாம்.

ஃபிலிமுக்கு மட்டும் சூடு ஆகுமா என்றால் ஆகாது. ரோலை 21 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறது கோடக். 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையை ஊட்டியில் கொண்டுபோய் வைத்ததே குளிருக்கும் தூசியில்லாத காற்றுக்கும்தான். 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஆனால் ஃபிலிமில் வைப்பது, எடுப்பது, கழுவுவது (அதாவது டெவலப் செய்வது) என்று மூன்று வேலையும் தனித்தனி. எடுக்கும் வேலையை மட்டும்தான் வெயிலில் செய்தாக வேண்டும், அதுவும் ஒரு நொடியில் ஒரு துளி. மற்ற இரண்டுக்கும் நேரத்தையும் இடத்தையும் நாமே வைத்துக்கொள்ளலாம். இந்த ஒன்றுக்காகவே நான் ஃபிலிம் பக்கம்.

வைப்பது சுலபம். ஃப்ரிட்ஜ் கதவில், முட்டைக்கும் எலுமிச்சைக்கும் பக்கத்தில், டப்பாவை மூடியபடியே. எடுத்தவுடன் திறக்கக் கூடாது. ஒரு மணி நேரமாவது வெளியில் இருந்து சூடு ஏறட்டும், இல்லையென்றால் உள்ளே வியர்த்துவிடும். படம் எடுத்து முடித்த ரோலும் அதே இடத்துக்குத் திரும்பிவிடும். "இது இன்னாடா, கொழம்பு வைக்க எடமில்ல, இதுக்கு மட்டும் தனி ரூமா" என்று அம்மா கேட்பது தவிர வேறு தொல்லை இல்லை.

கழுவுவதுதான் கதை. நான் விசாரித்த ஸ்டுடியோக்களில் இப்போது யாரும் ரோல் கழுவுவதில்லை. கலர் ரோலைச் சேர்த்து வைத்து சென்னைக்குக் கூரியர் போடுகிறேன். கருப்பு வெள்ளை வீட்டிலேயே. அதற்கு டெவலப்பரின் வழக்கமான சூடு 20 டிகிரி. மே மாதத்தில் மொட்டைமாடி சின்டெக்ஸிலிருந்து மதியம் வரும் தண்ணீரில் கையே வைக்க முடியாது. ஆகவே முந்தின ராத்திரியே கேன் தண்ணீரில் படத்தை வரவழைக்கும் டெவலப்பர், அதை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர் இரண்டையும் தனித்தனியாகக் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் துணி ஊறவைக்கும் டப்பில் பாட்டில்களை நிறுத்தி, தெர்மாமீட்டரைப் போட்டுக்கொண்டு, ஐஸ் பாக்கெட்டை உள்ளே விட்டு வெளியே எடுத்து 20-ல் நிறுத்துவது. ஐஸை நேரடியாக டெவலப்பரில் போடக் கூடாது, உருகிக் கலந்து நீர்த்துவிடும். இருபதில் நிற்கவே மாட்டேன் என்றால் 24 வரை விட்டுவிட்டு நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இல்ஃபோர்டு எச்பி5 ஃபிலிமை ஐடி-11 டெவலப்பரில் சரிபாதி தண்ணீர் சேர்த்துக் கழுவினால் 20 டிகிரியில் 13 நிமிஷம். சூடு ஏற ஏற நிமிஷம் குறையும். ஐந்து நிமிஷத்துக்குக் கீழே போனால் திட்டுத் திட்டாக வரும், அதற்குத்தான் இத்தனை ஐஸ்.

இதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதை யாரும் எழுதுவதில்லை. ரோலைப் பிரித்து, கழுவும் டேங்க்கின் சுருளில் ஏற்றுவது வெளிச்சம் புகாத கருப்புப் பைக்குள், கை இரண்டையும் விட்டுக்கொண்டு. பகலில் செய்தால் இரண்டாவது நிமிஷமே கை பிசுபிசுக்கும். பிளாஸ்டிக் சுருளில் துளி ஈரம் பட்டாலும் ஃபிலிம் பாதி தூரம் ஏறி அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது, பார்க்கவும் முடியாது. விடிகாலை ஐந்து மணிக்கு, ஃபேனுக்குக் கீழே, கையில் கொஞ்சம் பவுடர்கூடப் போடாமல் நன்றாகத் துடைத்துக்கொண்டு செய்வதே ஒரே வழி. பவுடர் ஃபிலிமில் புள்ளியாக நிற்கும்.

இதில் வேடிக்கை, கலர் நெகட்டிவுக்கான சி-41 முறை கேட்பது 38 டிகிரி. குளிர் நாட்டுக்காரர்கள் அந்தச் சூட்டை மூன்றேகால் நிமிஷம் இறங்காமல் பிடித்து வைக்க ஹீட்டர் வாங்குகிறார்கள். நம் ஊரில் கோடை மதியம் வாளித் தண்ணீரே பக்கத்தில் வந்து நிற்கிறது. வீட்டில் சி-41 இன்னும் தொடவில்லை. அடுத்த கோடையில் தொடலாம் என்றிருக்கிறேன்.

வெளிச்சத்திலும் ஃபிலிமுக்கே என் ஓட்டு. இன்ஸ்டாக்ஸ் அட்டை ஐஎஸ்ஓ 800, மினி 12-ன் ஷட்டர் 1/250-க்கு மேல் போகாது. உச்சிவெயிலில் வெள்ளை வேட்டியும் சுண்ணாம்புச் சுவரும் வெளுத்துப் போவதற்குக் காரணம், தேவைக்கு மேல் வெளிச்சம் புகுந்துவிடுகிற அந்தக் கணக்குதான். கோட்டைக் கோவில் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண்களின் இருட்டும் வெளி முற்றத்தின் வெயிலும் ஒரே சட்டத்துக்குள் வரும். நெகட்டிவ் அந்த இரண்டையும் ஓரளவு தாங்கும். இன்ஸ்டாக்ஸ் ஃபிளாஷ் 2.2 மீட்டரைத் தாண்டி எட்டாது, எட்டும் தூரத்திலும் கல்லின் செதுக்கலைத் தட்டையாக்கிவிடும்.

நெகட்டிவ் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்தும் பெரிதாக பிரின்ட் போடலாம். இன்ஸ்டாக்ஸில் இருப்பது ஒரே ஒரு அட்டை, தொலைந்தால் தொலைந்ததுதான்.

ஆனால் அந்த ஒரே அட்டையின் மவுசு வேறு இடத்தில். ஜவ்வாது மலையில் ஒரு பாட்டி கேட்டார்: "இன்னா நைனா, எல்லாரும் வந்து போட்டோ புட்சினு போறாங்க, ஒருத்தராவது கொண்ணாந்து குடுத்துகிறாங்களா?" எஃப்எம்10-ஐ வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. இன்ஸ்டாக்ஸ் தோள் பையில் இருந்தது. மரத்தடியில் நிற்க வைத்து எடுத்து, அட்டையைத் தலைகீழாக முந்தானைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வெளியே எடுத்துப் பார்த்தவர் முதலில் தன் காதுத் தண்டட்டி விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அட்டையை இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, "பேரனையும் ஒண்ணு புடி" என்றார். மலையில் அன்றைக்குச் சூடு குறைவு, அட்டையும் சுத்தமாக வந்தது.

ஆகவே காதுகுத்து, பிறந்தநாள், ஏசி மண்டபத்து ரிசப்ஷன், காலேஜ் கடைசி நாள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இன்ஸ்டாக்ஸ். கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் வெளியிலும் தைரியமாக எடுக்கலாம். அந்த பிரின்ட்கள் வேலூர்ச் சுவரில் எத்தனை கோடை தாங்கும் என்பதில் எனக்கு அனுபவம் போதாது. எங்கள் வீட்டில் இருப்பவை எல்லாம் புதுசு, ஆல்பத்துக்குள் இருக்கின்றன.

பழைய ஃபிலிம் கேமரா எதை வாங்கினாலும் சூட்டின் வேலையைத்தான் முதலில் தேட வேண்டும். பின்கதவைத் திறந்து விளிம்பில் இருக்கும் கருப்பு ஸ்பாஞ்சைத் தொட்டுப் பாருங்கள். விரலில் தார் மாதிரி ஒட்டினால் அது செத்துவிட்டது, வெளிச்சம் உள்ளே கசியும். பயப்பட ஒன்றுமில்லை, சுரண்டி எடுத்துவிட்டுப் பள்ளத்தில் கருப்புக் கம்பளி நூலை ஓட்டினால்கூட வேலை நடக்கும். விலையில் குறைத்துக் கேளுங்கள். ஷட்டரை 1/2000-லும் ஒரு நொடியிலும் வைத்து அடித்துக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கடைசியாக லென்ஸைக் கழற்றி, ஃபோன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கமாகப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. ஓரத்தில் சிலந்தி வலைபோல மெல்லிசாகக் கிளை பிரிந்தால் அது ஃபங்கஸ். அதற்குப் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.