ஜிம் ஓகே தான், ஆனா ஸ்கூல் பசங்கள சேர்த்து விடுறதுக்கு முன்னாடி இத படிங்க

எங்க ஏரியால புதுசா வந்த ஜிம், பேரு வேணாம். மாசம் 1200, ஏசி இருக்கு, டிரெட்மில் எல்லாம் புதுசு, பாத்ரூம் கூட க்ளீன், லேடீஸுக்கு தனி பேட்ச். இதுல எல்லாம் குறையே சொல்ல மாட்டேன்.

கடுப்பு ஏத்துறது ரிசப்ஷன் பக்கத்துல நிக்குற பாடி காம்போசிஷன் மெஷின் தான், உடம்புல கொழுப்பு எவ்ளோ, தசை எவ்ளோன்னு நம்பர் காட்டுமே அது. ப்ளஸ் ஒன் படிக்கிற என் தம்பிய சேர்த்து விட்டா, வந்ததும் அதுல ஏத்தி சிவப்புல 'ஓவர்வெயிட்'னு ஒரு பேப்பர கைல குடுத்து, சுத்தி ஆளுங்க நிக்கும்போதே டிரெய்னர் "அம்மா நல்லா கவனிக்கிறாங்க போல தம்பி"ன்னு சிரிக்கிறாரு. அன்னிலேர்ந்து பையன் நைட்டு சாப்பாட்ட விட்டுட்டான், யாராச்சும் போட்டோ எடுத்தா எந்திரிச்சு போயிடறான், வெயில்லயும் தொளதொள ஹூடி தான்.

அந்த மெஷின் கொழுப்ப நேரா அளக்கறதே இல்லங்க, உடம்புக்குள்ள லேசா கரண்ட் விட்டு அது எவ்ளோ தடைபடுதுன்னு பாத்து ஒரு கணக்கு போடுது, தண்ணி குடிச்சியா, இப்ப தான் ஓடிட்டு வந்தியா, அதுக்கெல்லாம் நம்பர் மாறும். பெரியவங்களுக்கு வச்சிருக்க பிஎம்ஐ அளவும், அதான் உயரத்துக்கு எவ்ளோ வெயிட்டுன்னு பாக்குற கணக்கு, அதுவும் வளர்ற புள்ளைங்களுக்கு செல்லாது, அவங்களுக்கு வயசு, ஆணா பொண்ணான்னு பாத்து தனி சார்ட் இருக்கு. குழந்தைங்க டாக்டர் அத வச்சு பாத்துட்டு, ஒழுங்கா சாப்ட்டு விளையாடுடான்னு அனுப்பிட்டாரு.

ஒல்லியா வர்ற பசங்களையும் விடறதில்ல, அவங்க தலைல புரோட்டீன் டப்பா. செவுத்துல பிஃபோர் ஆஃப்டர் போட்டோ வேற. ஆர்ம்ஸ் எவ்ளோ ஏறினாலும் இன்னும் நோஞ்சானா தான் இருக்கேன்னு கண்ணாடிய விட்டு நகராத பசங்க இருக்காங்கல்ல, அது மண்டைல ஏறிப் போச்சுன்னா மசில் டிஸ்மார்ஃபியான்னு டாக்டருங்க சொல்ற வியாதி, வெட்டி சீன்னு நெனச்சு விட்றாதீங்க. அப்படி இருந்தா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு கவர்மென்ட்டோட மனநல ஹெல்ப்லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

காலை பேட்ச் மாஸ்டர் தங்கமான மனுஷன். வெயிட்ட பத்தி பேசவே மாட்டாரு, போன வாரம் எத்தன புஷ்அப், இன்னிக்கு எத்தன, அவ்ளோ தான். தம்பிய அங்க மாத்தினப்புறம் நைட்டு தோசை கேக்குறான், ஹூடி மட்டும் இன்னும் கழட்டல.

3 ஸ்டார், அதுல 2 அவருக்கு. சேர்றதா இருந்தா காலை 6 மணி பேட்ச் கேளுங்க, மெஷின்ல ஏற மாட்டேன்னு சொல்லிடுங்க, கட்டாயம் கிடையாது.