திரிசங்கு டயர்: 390 மில்லிமீட்டர் சக்கரத்தோடு ஆறு ஆண்டுகள்

என்னுடையதைப் போலவே 1985-ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 635சிஎஸ்ஐ ஒன்றுக்கு லண்டனில் பேரம் பேசிக்கொண்டிருக்கும் நண்பர், "டயர் சுலபமாகக் கிடைக்கிறதா?" என்று போன வாரம் கேட்டார். எஞ்சினைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் புகழ்ந்திருப்பேன். மனிதர் டயரைக் கேட்டுவிட்டார்.

ரிம்மில் 165 டிஆர் 390 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள் என்றேன். இருந்தால் அது மிஷெலின் 1975-இல் கொண்டுவந்த டிஆர்எக்ஸ் சக்கரம். ஊரெல்லாம் அங்குலத்தில் ரிம் செய்ய, இது மட்டும் மில்லிமீட்டரில் பிறந்தது. 15 அங்குலம் என்றால் 381 மில்லிமீட்டர், 16 என்றால் 406. நம்முடையது 390. திரிசங்கு சொர்க்கம்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. டயரின் பக்கச்சுவர் இயல்பாக வளைந்து இழுவிசை சீராகப் பரவட்டும் என்று ரிம்மின் விளிம்பைத் தாழ்த்தி, வேறு வடிவில் செய்திருக்கிறார்கள். அதில் சாதாரண டயரை யாரும் தவறி மாட்டிவிடக் கூடாதே என்றுதான் இந்த அளவு. நியாயம்தான். பதினோராவது கடைக்குப் போன் செய்துகொண்டிருப்பவனிடம் இந்த நியாயத்தைச் சொல்லிப் பாருங்கள்.

2019-இல் கார் வந்ததும் தேடத் தொடங்கினேன். ஒரு கடைக்காரர், "ஒன்பது மில்லிமீட்டர்தானே, 15 அங்குல டயரையே நெம்பி ஏற்றிவிடலாம்" என்றார். டயரின் விளிம்புக்குள் ஓடுவது எஃகுக் கம்பி ஐயா, ரப்பர் பேண்டு அல்ல! இன்னொருவர் புத்தம் புதிது என்று அனுப்பிய நான்கின் பக்கவாட்டிலும் 2308 என்ற எண். 2008-இன் 23-ஆவது வாரத்தில் தயாரானவை. ஓடாதவை என்பது உண்மை. பதினோரு ஆண்டு கிடங்கில் கிடந்த ரப்பர் கட்டையாகியிருந்ததும் உண்மை. பள்ளம் தேயாததால் பிரிட்டனின் வருடாந்தர வாகனச் சோதனையில் அவை தேறிவிடும் என்பதுதான் வேடிக்கை. பத்து வயது தாண்டிய டயருக்கு பிரிட்டன் 2021-இல் போட்ட தடையும் லாரி, பஸ் போன்றவற்றோடு நின்றுவிட்டது.

கடைசியில் மிஷெலினின் கிளாசிக் வரிசையில் வரும், இந்த ரிம்முக்கே உரிய 220/55 விஆர் 390 டயர்களை முன்பதிவு செய்து நான்கு மாதம் காத்திருந்தேன். அதில் ஒன்று வாங்கும் பணத்தில் என் மனைவியின் காருக்கு மூன்று வாங்கலாம். அவர் இதை எனக்கு அவ்வப்போது நினைவுபடுத்துகிறார்.

ஆனால் மாட்டி ஓட்டிய முதல் நாளே வாயடைத்துப் போனேன். குண்டும் குழியுமான கிராமத்துச் சாலையில் கார் குதிக்கவில்லை, நடந்தது. ஸ்டியரிங்கில் சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பும் கைக்கு வருகிறது, உதறல் மட்டும் வருவதில்லை. மழையில் வளைவில் பிடி தளரும்போதுகூடத் திடீரென்று கைவிடாது. முன்கூட்டியே சொல்லிவிட்டு, மெதுவாகத்தான் நழுவும். இன்றைய டயர்களுக்கு இந்த மரியாதை தெரியாது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மூலைக்கு மூலை விற்கும் 205/55 ஆர்16 டயரின் வெளிவிட்டமும் இதே 632 மில்லிமீட்டர்தான். 16 அங்குல ரிம்முக்கு மாறினால் ஸ்பீடாமீட்டருக்குக்கூட வித்தியாசம் தெரியாது. மூன்றாம் ஆண்டுக் கோடையில் அப்படி ஒரு செட் சக்கரங்களை இரவல் வாங்கிப் போட்டும் பார்த்தேன். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அடுத்தவர் செருப்பில் நடப்பது போலவே இருந்தது. இலையுதிர்காலம் வருமுன் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

எனவே நண்பருக்கு நான் சொன்னது: 390 ரிம் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், 16 அங்குலத்துக்கு மாறுங்கள், பழையதைப் பரணில் போடுங்கள், நிம்மதியாக இருங்கள்.

"நீங்கள் ஏன் மாறவில்லை?" என்றார். பேச்சை எஞ்சின் பக்கம் திருப்பினேன். ஸ்டெப்னிக்கு ஐந்தாவது டயர் கேட்டுப் பணம் கட்டி ஆறு வாரமாகிறது. இன்னும் வந்தபாடில்லை.