கிளிநொச்சியில் ‘ஆய்வாளர் விசா’ எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் அவதானமாக இருங்கள்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆய்வுக்கு அழைப்புக் கிடைத்திருக்கிற வன்னிப் பிள்ளைகளுக்கும், அவர்களுக்காகக் காப்பையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுக்கத் தயாராக நிற்கிற தாய் தகப்பன்மாருக்கும் இதை எழுதுகிறேன். அமெரிக்காவுக்கான ஜே-1 ஆய்வாளர் விசா எடுத்துத் தருகிறோம் என்று கிளிநொச்சி நகரில் ஒரு அலுவலகம் எங்களிடம் நாலரை இலட்சம் ரூபா வாங்கியது. தந்தது போலிப் படிவம். பொலிஸில் முறைப்பாடு இருப்பதால் அவர்களுடைய பெயரை இங்கே போடவில்லை. அவர்கள் செய்கிற வேலை எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். நாளைக்கு வவுனியாவிலோ மாங்குளத்திலோ வேறு பெயர்ப்பலகை போட்டுக்கொண்டு வந்தாலும் ஆளைப் பிடித்துவிடலாம்.

நெல் வயல் மண்ணில் உவர் ஏறுவது பற்றி நான் வேலை செய்கிறேன். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தின் பேராசிரியர், ஒரு வருடம் வந்து தங்களோடு வேலை செய்யும்படி மின்னஞ்சலில் கடிதம் அனுப்பினார். மாதக் கொடுப்பனவு எவ்வளவு என்றும் அதில் எழுதியிருந்தது. மிச்ச விடயங்களுக்குத் தங்களுடைய சர்வதேச ஆய்வாளர் அலுவலகம் தொடர்புகொள்ளும் என்றார். சில வாரங்கள் ஒரு சத்தமும் இல்லை. “பிள்ளை, எல்லாரும் அங்கதான் போகினம், ஒருக்காக் கேட்டுப் பாப்பம்” என்று அம்மா சொல்ல, இரண்டு பேருமாக அந்த அலுவலகத்துக்குப் போனோம்.

அங்கே இருந்தவர் கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, “தங்கச்சி, புரொபெசற்ற கடிதம் மட்டும் காணாது. டி.எஸ். 2019 எண்டு ஒரு போம் இருக்கு. அது இல்லாம எம்பசிக்குள்ள விடமாட்டாங்கள். அங்க எங்கட ஆள் இருக்கிறார், அவர் எடுத்துத் தருவார்” என்றார்.

இவர்களுடைய கெட்டித்தனம் முழுக்க இந்தப் பேச்சில்தான் இருக்கிறது. முதல் பாதி முழு உண்மை. டி.எஸ். 2019 இல்லாமல் ஜே-1 விசா கிடையாது. வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடினாலும் அப்படித்தான் இருக்கும், நம்பிக்கை வந்துவிடும். பொய் இருப்பது பின் பாதியில். அந்தப் படிவத்தை வெளியாள் யாரும் ‘எடுத்துத் தர’ முடியாது. அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் அனுமதித்த அனுசரணை நிறுவனம் மட்டுமே, செவிஸ் என்ற அரசாங்கக் கணினி முறைமைக்குள் உங்களுடைய பெயரைப் பதிந்து அதை வழங்கும். பெரும்பாலும் உங்களை அழைத்த பல்கலைக்கழகமே அந்த நிறுவனமாக இருக்கும். அங்கே அதற்கென்று நியமிக்கப்பட்ட பொறுப்பு அலுவலர் கையொப்பமிடுவார். 2023இலிருந்து டிஜிட்டல் கையொப்பத்தோடு மின்னஞ்சலில் அனுப்பவும் அனுமதி இருக்கிறது. ஆகவே ‘ஒறிஜினல் கூரியரில் எங்கட ஒபிசுக்குத்தான் வரும்’ என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

எங்களிடம் அப்படித்தான் சொன்னார்கள். அம்மா நகையை அடைவு வைத்துக் காசு கட்டினோம். பிறகு படிவம் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் சரியாகத்தான் இருந்தது. என் பெயரும் இருந்தது. வீட்டில் மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தபோதுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கொடுப்பனவு எழுதும் ஐந்தாம் பகுதியில், பேராசிரியர் எனக்கு எழுதிய தொகைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தொகை. தொடங்கும் திகதியும் வேறு. ஏழாம் பகுதியில் பொறுப்பு அலுவலரின் கையொப்பத்தைச் சுற்றி மங்கலாக ஒரு வெள்ளைச் சதுரம். படிவத்தின் கோடு அந்தச் சதுரத்தில் வந்து அறுந்து, மற்றப் பக்கத்தில் திரும்பத் தொடங்கியது. வேறெங்கோ இருந்த கையொப்பத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

அதே கிழமையில் பல்கலைக்கழகத்தின் உண்மையான அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. படிவம் தயாரிக்கக் கடவுச்சீட்டின் பிரதி, பட்டச் சான்றிதழ், தகைமை விபரம், ஆங்கிலத் திறனுக்கான சான்று எல்லாம் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். என் கையில் ஏற்கெனவே ஒரு படிவம் இருக்கிறது, அவர்களோ இனித்தான் தயாரிக்கப் போகிறார்கள். கையில் இருந்ததை ஸ்கான் செய்து அனுப்பினேன். இது நாங்கள் கொடுத்தது அல்ல, எக்காரணம் கொண்டும் இதைத் தூதரக நேர்முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று உடனே பதில் வந்தது.

செவிஸ் கட்டணத்திலும் இதே கதைதான். ஆய்வாளருக்கான ஜே-1 செவிஸ் கட்டணம் 220 டொலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டொலர். இந்த அலுவலகம் செவிஸுக்கு மட்டும் ஒரு இலட்சத்து இருபதாயிரம் எடுத்தது. கட்டியதா இல்லையா என்று பார்ப்பது சுகம். படிவத்தின் மேல் மூலையில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி ஒரு இலக்கம் இருக்கும். அந்த இலக்கத்தையும் குடும்பப் பெயரையும் பிறந்த திகதியையும் செவிஸ் கட்டணத்துக்கான அரசாங்க இணையத்தளத்தில் போட்டால் கட்டணத்தின் நிலை தெரியும். எனக்கு அப்படியொரு பதிவே இல்லை என்று வந்தது. இந்தக் கட்டணத்தைக் கடன் அட்டையால் நீங்களே கட்டலாம். உங்களிடம் அட்டை இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் உங்களுக்காகக் கட்டினாலும் செல்லும்.

பொலிஸ் நற்சான்றுக்கும் வைத்தியச் சோதனைக்கும் தனித்தனியாகக் காசு கேட்டார்கள். அவை குடியேற்ற விசாவுக்குப் போகிறவர்களுக்கு வேண்டியவை. ஜே-1 ஆய்வாளர் வழமையாக நேர்முகத்துக்குக் கொண்டுபோக வேண்டியது கடவுச்சீட்டு, டி.எஸ். 160 என்ற இணைய விசா விண்ணப்பத்தின் உறுதிப்படுத்தல் பக்கம், டி.எஸ். 2019, இரண்டு கட்டணங்களின் பற்றுச்சீட்டு, படம், அழைப்புக் கடிதம், இங்கே வேலை அல்லது படிப்பு இருப்பதைக் காட்டும் கடிதங்கள். ஆங்கில வகுப்புக்கென்று கேட்டதும் வீண் காசு. அங்கீகரித்த பரீட்சைப் பெறுபேறு இல்லாவிட்டால், கல்வி நிறுவனம் ஒப்பமிட்டுத் தரும் கடிதமோ, அனுசரணை நிறுவனமே காணொளியில் உங்களோடு பேசிப் பார்த்து எழுதும் பதிவோ போதும் என்று விதி சொல்கிறது. காப்புறுதி என்று ஒரு அட்டையை நீட்டுவார்கள். ஜே-1 காரருக்கு ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 100,000 டொலர், அவசர மருத்துவ இடமாற்றத்துக்கு 50,000 டொலர், உயிரிழந்தால் உடலை ஊருக்கு அனுப்ப 25,000 டொலர் இருக்க வேண்டும். எதை வாங்கலாம் என்று பல்கலைக்கழகமே சொல்லும்.

காசு போனது பெரிய நோவு. ஆனால் இந்தப் பதிவை எழுத வைத்தது வேறு இரண்டு விடயங்கள்.

ஒன்று, ஊரில் சொத்து இருப்பதைக் காட்டுகிற காணிப் பத்திரம். வன்னியில் எங்களில் பலருக்குக் காணி உறுதி இல்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம்தான் கையில் இருக்கும். எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான். “பெமிற் காட்டினா மதிக்கமாட்டாங்கள், நாங்க ஒரு உறுதி போட்டுத் தாறம்” என்றார் அலுவலகத்தில் இருந்த அந்த அண்ணர். வேண்டாம் என்றோம். பிறகு கோப்பைத் திருப்பி வாங்கியபோது அதற்குள் அப்பாவின் பெயரில் ஒரு உறுதியும், நாங்கள் கண்ணாலும் காணாத தொகையோடு ஒரு வங்கிக் கூற்றும் இருந்தன. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில், விசா பெறுவதற்காக முக்கியமான விடயத்தில் தெரிந்துகொண்டு பொய் சொன்னாலோ போலி ஆவணம் கொடுத்தாலோ, அந்த நாட்டுக்குள் நுழைய வாழ்நாள் தடை. விலக்குக் கேட்கலாம், ஆனால் லேசில் கிடைக்காது. தடை விழுவது விண்ணப்பித்த பிள்ளையின் தலையில். தயாரித்துக் கொடுத்தவர் அடுத்த நாளும் கடையைத் திறப்பார். அப்பா முப்பது வருடம் வேளாண்மை செய்த காணியின் அனுமதிப்பத்திரத்துக்கு என்ன குறை? அதை உள்ளபடி காட்டுங்கள்.

மற்றது டி.எஸ். 160 விண்ணப்பம். இதை எல்லாரும் நின்று வாசிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் பாதுகாப்புக் கேள்விகள் என்று சில பக்கங்கள் இருக்கின்றன. ஆயுதக் குழு ஒன்றில் இருந்தீர்களா, பயங்கரவாத அமைப்பு ஒன்றுக்குக் காசோ வேறு உதவியோ கொடுத்தீர்களா, ஆயுதப் பயிற்சி இருக்கிறதா என்றெல்லாம் கேட்கும். விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997 ஒக்டோபரில் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. 2009 வரை வன்னியில் வாழ்ந்த ஒரு குடும்பத்துக்கு இந்தக் கேள்விகள் எவ்வளவு பாரமானவை என்று வெளியில் இருக்கிறவர்களுக்கு விளங்காது. கட்டாயத்தின் பேரில் இழுத்துச் செல்லப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்ட காசைக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். புனர்வாழ்வு முடித்து வந்து படித்துப் பட்டம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அதே அண்ணர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று அழுத்தி, என் கடவுச்சீட்டு இலக்கத்தைப் போட்டு, அவரே ஒப்பமிட்டு அனுப்பியிருக்கிறார். எதிர்த்துக் கேட்டபோது, “எல்லாருக்கும் நோ தான் போடுறனாங்கள், ஒண்டும் நடக்காது” என்றார். இன்னொருவர் உதவி செய்து நிரப்பலாம், உதவியவரின் விபரத்தை விண்ணப்பமே கேட்கிறது. ஆனால் கடைசியில் இருக்கிற ஒப்பப் பொத்தானை விண்ணப்பதாரரே அழுத்த வேண்டும் என்பது சட்டம். என் விடயத்தில் அந்தப் பதில்கள் தற்செயலாக உண்மைதான். இன்னொரு தம்பிக்கு அது உண்மையாக இல்லாவிட்டால், தான் வாசித்தே பார்க்காத ஒரு பொய்க்கு அவன் காலம் முழுக்கப் பொறுப்பாளி. சொல்வதற்கு ஏதாவது இருக்கிறவர்கள் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கேட்காமல் அந்தப் பக்கத்தைத் தொடவே வேண்டாம். உங்களை அழைத்த பல்கலைக்கழகத்திடம் கேட்டால் அப்படியான ஒருவரைத் தேட வழி சொல்லக்கூடும்.

பெயரையும் மாற்றிப் போட்டிருந்தார். தகப்பனின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதுகிற எங்கள் வழக்கத்தில் எது முன்னுக்கு, எது பின்னுக்கு என்று ஒவ்வொரு சான்றிதழிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். விசாவுக்குக் கடவுச்சீட்டில் இருக்கிறபடிதான். டி.எஸ். 2019, டி.எஸ். 160, செவிஸ் பற்றுச்சீட்டு மூன்றிலும் அதே ஒழுங்கு, அதே எழுத்து.

கடவுச்சீட்டை அவர்கள் கையில் விட்டுவிட்டு வராதீர்கள். என்னுடையதை மிச்சக் காசு கட்டினால்தான் தருவோம் என்று பிடித்து வைத்திருந்தார்கள். அண்ணா போய், பொலிஸுக்குப் போகப் போகிறோம் என்று சொன்ன பிறகுதான் தந்தார்கள்.

இவர்களைப் போன்றவர்கள் சொல்லவே மாட்டாத ஒன்று: எந்தப் பிரிவில் போகிறீர்கள் என்பது முக்கியம். ‘ஆய்வாளர்’ பிரிவில் ஐந்து வருடம் வரை இருக்கலாம். ஆனால் அந்தப் பிரிவில் போய் நாலு மாதத்தில் முடித்துக்கொண்டு வந்தாலும், அடுத்த 24 மாதங்களுக்கு அதே பிரிவில் திரும்பப் போக முடியாது. ஆறு மாதத்துக்குள் முடிகிற வேலை என்றால் ‘குறுங்கால அறிஞர்’ பிரிவு இருக்கிறது. அதை நீட்டிக்க முடியாது, ஆனால் இந்த 24 மாதத் தடையும் வராது. அரசாங்கப் பணத்தில் போகிறவர்களுக்கு, முடித்த பின் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை விழலாம். இவற்றைப் படிவம் அச்சாவதற்கு முன்னர் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். எனக்கு எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார்கள். ஒரு சதமும் வாங்கவில்லை. சில பல்கலைக்கழகங்கள் படிவத்துக்குக் கட்டணம் எடுப்பதுண்டு, அப்படியென்றால் அவர்களே நேரடியாக அறிவிப்பார்கள்.

‘நாங்கள் பணியகத்தில் பதிந்த நிறுவனம்’ என்று சுவரில் ஒரு சான்றிதழ் தொங்கியது. 1985ஆம் ஆண்டின் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உரிமம் கொடுப்பது வேலைக்கு ஆள் அனுப்புகிற முகவர்களுக்கு. ஆய்வாளர் விசாவுக்கு அந்த உரிமத்தால் எந்தப் பயனும் இல்லை. வேலை என்று சொல்லிக் காசு கேட்டால், அந்த உரிமம் உண்மையா என்று பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

என் உண்மையான டி.எஸ். 2019 இப்போது மின்னஞ்சலில் வந்துவிட்டது. தொடங்கும் திகதியைப் பேராசிரியர் தள்ளிப் போட்டுத் தந்தார். டி.எஸ். 160ஐ நானே புதிதாக நிரப்பி, புதிய உறுதிப்படுத்தல் இலக்கத்தை நேர்முகப் பதிவில் மாற்றிவிட்டேன். பழையதை யார் எப்படி அனுப்பினார்கள் என்று கேட்டால் சொல்வதற்கு முறைப்பாட்டின் பிரதியையும் வைத்திருக்கிறேன். காசு இன்னும் திரும்பவில்லை. நகை இன்னும் வங்கியில்தான்.

அதே அலுவலகத்தில் காசு கட்டிய வேறு ஆட்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். தந்த படிவத்தைக் கிழிக்க வேண்டாம். பற்றுச்சீட்டு, வங்கி வைப்புத் துண்டு, வைபர் வட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள் எல்லாவற்றையும் அப்படியே பிரதி எடுத்து வையுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதிக் கேட்பது உங்கள் உரிமை. வாசித்து விளங்காத எதிலும் ஒப்பம் வைக்காதீர்கள். நேர்முகத் திகதி ஏற்கெனவே கிடைத்தவர்கள், அவர்கள் தந்த படிவத்தோடு கொழும்புக்கு பஸ் ஏற முன்னர் அதை உங்கள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, நீங்கள் கொடுத்ததுதானா என்று கேளுங்கள்.