குளத்துப் பக்கம் அறை கேளுங்கள்: கும்பகோணத்துப் பழைய ஹோட்டல் ஒன்றில் பல வருடத் தங்கல்

மகாமகக் குளத்தைப் பார்த்தபடி ஒரு பழைய நட்சத்திர ஹோட்டல். பெயர் வேண்டாம். குறை சொல்லப் போகிறேன், அடுத்த மாதமும் அங்கேதான் போய் இறங்கியாக வேண்டும்.

சுவாமிமலைப் பட்டறைகளில் ஐம்பொன் சிலைகளைப் பார்த்து எடுத்து ஏற்றுமதிக்கு அனுப்புவது என் வேலை. அதனால் மாதாமாதம் சென்னையிலிருந்து கும்பகோணம் வருகிறேன், இது பல வருடப் பழக்கம். மழைக்காலத்தில் தங்கல் நீண்டுவிடும். மெழுகில் செய்த உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசி நிழலில்தான் காயவைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் மெழுகு இளகிவிடும். ஐப்பசி அடைமழையில் அந்த மண் காய்வேனா என்று அடம்பிடிக்கும். மண் காய்ந்த பிறகுதான் உள்ளே இருக்கும் மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்ற முடியும். மண் காயாமல் வார்ப்பு இல்லை, வார்ப்பைப் பார்க்காமல் எனக்கு ரயில் இல்லை. தை மாதத்தில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவருக்கு எந்த ஹோட்டலும் நல்ல ஹோட்டல்தான். அதன் யோக்கியதை ஐப்பசியில் ஒரு வாரம் அடைந்து கிடந்தால் தெரியும்.

சோழர்களின் அரண்மனை இருந்த பழையாறை இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். அங்கே இப்போது வயலும் கோயில்களும் இருக்கின்றன, தங்குவதற்கு அரண்மனை இல்லை. ராஜ உபசாரம் வேண்டியவர்கள் ஒரு காலத்தில் வந்து இறங்கியது இந்த ஹோட்டலில். 1992 மகாமகத்துக்கு முன்னால் கட்டியது என்பார்கள். மூன்று மாடி, மொசைக் தரை, தேக்கு ஜன்னல், ஒவ்வொரு அறைக்கும் குளத்தைப் பார்த்து ஒரு சிட்-அவுட், அதில் இரண்டு பிரம்பு நாற்காலி. கட்டியவருக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது: இங்கே விற்க வேண்டிய சரக்கு குளமும் அதன் மேல் வரும் காற்றும்தான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு புதுப்பிப்பும் அந்தச் சரக்கை மூடி மறைக்கிற வேலையாகவே நடந்திருக்கிறது. இந்த ஹோட்டலைப் பற்றி எனக்கு இருக்கும் வருத்தமெல்லாம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் பிளம்பர் சமாச்சாரம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடி, குளத்துப் பக்கம். அந்த அறையில் ஜன்னல் கதவு நான்கையும் திறந்து வைத்தால் சித்திரை மாதத்தில்கூட சாயங்காலம் ஏசி தேவைப்படாது. சிட்-அவுட்டில் உட்கார்ந்தால் நாயக்கர் கால அமைச்சர் கோவிந்த தீட்சிதர் கட்டிய 16 மண்டபங்களில் பாதிக்கு மேல் கண்ணில் படும். எதிர்க்கரையில் காசி விசுவநாதர் கோயில். விடிகிற நேரத்தில் படிக்கட்டில் ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். முதலில் ஊர்க்காரப் பெரியவர்கள். அவர்கள் எந்தப் படி வழுக்கும் என்று தெரிந்து கால் வைப்பார்கள். அப்புறம் வேன்களில் வந்த வெளியூர்க் குடும்பங்கள். ஒரு பாட்டியை இரண்டு பேர் கையைப் பிடித்து இறக்க, மூன்றாவது ஆள் கரையில் நின்று செல்போனில் படம் எடுப்பார். தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, ஈரப் புடவையோடு மேலே ஏறி, அடுத்த கோயிலுக்கு வழி கேட்பார்கள். இதைப் பார்த்தபடி காபி குடிக்க எந்த ஐந்து நட்சத்திர ஹோட்டலாலும் இடம் கொடுக்க முடியாது.

இப்போது புதுக் கட்டடத்துக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன்னால் பின்பக்கக் காலியிடத்தில் எழுப்பினார்கள். வாசலில் முழுக்கக் கண்ணாடி, அறைக்குச் சாவிக்குப் பதில் அட்டை, பாத்ரூமில் தலைக்கு மேலே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஷவர். ஜன்னல் திறக்காது. திறந்தாலும் பார்க்க ஒன்றுமில்லை, பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் ஜெனரேட்டர்தான் தெரியும். வாடகை பழைய கட்டடத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆப்பில் பதிவு செய்கிறவர்களுக்கு இந்த அறைகளைத்தான் தள்ளிவிடுகிறார்கள், ஏனென்றால் படத்தில் பளபளப்பாக இருப்பது இவைதான். குளக்கரை ஹோட்டல் என்று நம்பிப் பணம் கட்டிவிட்டு, மூன்று நாளும் ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களை ரிசப்ஷனில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய கட்டடத்தையும் விட்டுவைக்கவில்லை. முதல் மாடி சிட்-அவுட்களை அலுமினியச் சட்டம் போட்டு அடைத்து அறையோடு சேர்த்துவிட்டார்கள். பரப்பளவு கூடிவிட்டதாம். பிரம்பு நாற்காலி நின்ற இடத்தில் இப்போது யாரும் உட்காராத ஒரு சோபா. காற்று வழி அடைபட்டதும் சுவர் ஈரம் காய்வதில்லை. மழை பிடித்த மூன்றாவது நாளே கட்டிலுக்குப் பின்னால் பூஞ்சை பூக்கும். அதை மறைக்க வால்பேப்பர் ஒட்டினார்கள். வால்பேப்பருக்குப் பின்னால் பூஞ்சைக்கு இன்னும் சௌகரியம். இரண்டாவது மாடியில் அதே சுவர், அதே மழை, ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்தால் மழை விட்ட அரை நாளில் வாடை போய்விடுகிறது. தேக்குக் கதவும் மழையில் உப்பும், தோளால் ஒரு தள்ளு தள்ள வேண்டும், மாசியில் தானாகச் சரியாகிவிடும். முதல் மாடியில் மாற்றிய பிளைவுட் கதவு உப்பினால் உப்பினதுதான்; அடியில் செதில் செதிலாகப் பிரிந்துகொண்டு வரும்.

மூன்றாவது மாடி வேண்டாம். மொட்டை மாடிச் சூடு ஒரு பக்கம், தாழ்வாரக் கூரையில் கம்பி துருப்பிடித்து சிமென்ட் பெயர்ந்திருப்பது இன்னொரு பக்கம். பூசியிருக்கிறார்கள், பூசிய இடமும் மறுபடி வெடித்திருக்கிறது. தண்ணீர் அழுத்தமும் அங்கே குறைவு.

தண்ணீர் என்றதும் பாத்ரூம். பழைய கட்டடத்தில் இன்னும் இரும்புக் குழாய்தான். காலையில் முதல் வாளித் தண்ணீர் டீ நிறத்தில் வரும். அதைக் கொட்டிவிட்டு அடுத்ததைப் பிடித்தால் தெளிந்துவிடும். வெந்நீர் மாடியில் இருக்கும் சோலார் தொட்டியிலிருந்து வருகிறது, இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வெள்ளி, சனியில் ஹோட்டல் முழுக்க நவக்கிரகக் கோயில் சுற்றுகிற கூட்டம் நிரம்பிவிடும். சூரியனார்கோயில், கஞ்சனூர், திருநாகேஸ்வரம், ஆலங்குடி என்று ஒரே நாளில் முடிக்க வேண்டியவர்கள், விடிய ஐந்து மணிக்கே வண்டி ஏறுவார்கள். அதற்கு முன்னால் மொத்த ஹோட்டலும் குளித்துவிடும். ஆறு மணிக்கு எழுந்திருக்கிறவருக்கு மிஞ்சுவது குளத்துத் தண்ணீர் பதம்தான். ஞாயிறு முதல் வியாழன் வரை இந்தப் பிரச்சினை இல்லை.

வேலை செய்கிற ஆட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உழவன் எக்ஸ்பிரஸ் கும்பகோணத்தில் நம்மை இறக்கிவிடும்போது ஊர் விடிந்திருக்காது. வேறு ஹோட்டல்களில் பன்னிரண்டு மணிக்குத்தான் அறை என்று சொல்லி லாபியில் உட்கார வைத்துவிடுவார்கள். இல்லையென்றால் அரை நாள் வாடகை கேட்பார்கள். இங்கே இன்னும் இருபத்துநான்கு மணி நேரக் கணக்குதான், எத்தனை மணிக்கு ஏறுகிறோமோ அதே மணிக்கு மறுநாள் இறங்கலாம். இரவுப் பணியில் இருக்கும் அண்ணன், நான் ஆட்டோவை விட்டு இறங்குவதற்குள் சாவியை எடுத்து வைத்திருப்பார். பித்தளைப் பட்டையில் எண் பொறித்த பழைய சாவி, சட்டைப் பையில் போட்டால் பை தொங்கும்.

ஒருமுறை எனக்குப் பழக்கமான அறை காலியில்லை. ஆப்பில் யாரோ எடுத்திருந்தார்கள். "பக்கத்து ரூம் இருக்கு சார், ஆனா அதுக்கு நேர் கீழ மோட்டார். நாலரைக்குப் போட்டுருவாங்க. நீங்க தூங்க மாட்டீங்க" என்றார். அப்புறம் அவரே, "படிக்கட்டுப் பக்கம் ஒண்ணு இருக்கு, சத்தம் இருக்கும், குளம் தெரியும். எது பரவாயில்ல?" என்று கேட்டார். அறையை விற்கிற ஆள் அதன் குறையை முதலில் சொல்கிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். புதுக் கட்டடத்து ரிசப்ஷனில் டை கட்டிய இளைஞர்கள் இருக்கிறார்கள். மரியாதையான பையன்கள், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முகம். சம்பளம் பத்தாமல் கிளம்பிவிடுகிறார்கள் போல.

அந்த ரிசப்ஷனில் ஒரு விஷயம் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது. முன்பு பழைய வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பாவை விளக்கு இருந்தது. மெழுகு வார்ப்பு, விரல் நகத்தில்கூட உளி வேலை தெரியும். அந்த முறையில் அச்சை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுக்க முடியும், அதனால் அதே மாதிரி இன்னொன்று இருக்காது. புதுப்பித்தபோது அதை எங்கேயோ அனுப்பிவிட்டு இரண்டு பக்கமும் ஒரே அச்சில் எடுத்த பித்தளை நடராஜர் வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு பாதி அச்சு சேர்ந்த கோடு திருவாசியிலிருந்து பீடம் வரை ஓடுகிறது, அதை அரம் போட்டுத் தேய்க்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. எட்டு கிலோமீட்டருக்குள் அத்தனை பட்டறைகள் இருக்கும்போது இது எப்படி நடந்தது என்று மேனேஜரிடம் கேட்டேன். "இன்டீரியர்காரங்க பேக்கேஜ்ல வந்தது சார்" என்றார்.

சாப்பாடு. காலையில் பஃபே என்று ஒன்று வைக்கிறார்கள். கார்ன்ஃபிளேக்ஸ், ரொட்டி, ஆறிப்போன பூரி. அதை விட்டுவிடுங்கள். பழைய கட்டடத்துத் தரைத்தளத்தில் இருக்கும் டிபன் பகுதிதான் இடம். ஞாயிற்றுக்கிழமை இட்லிக்குக் கடப்பா போடுவார்கள். கும்பகோணத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; மற்றவர்களுக்கு: பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு அரைத்துவிட்டு, பச்சை மிளகாய்க் காரத்தில் இறக்குவது. குருமா மாதிரி இருக்கும், குருமா கிடையாது. ஒன்பது மணிக்கு மேல் போனால் சாம்பார்தான். காபி பித்தளை டபராவில், சிக்கரி கொஞ்சம் தூக்கலாக. ராத்திரி மட்டும் இங்கே சாப்பிடாதீர்கள். மல்டி-குசின் என்று பலகை மாட்டிய நாளிலிருந்து எது கேட்டாலும் கோபி மஞ்சூரியன் சாஸ் வாடையோடுதான் வருகிறது. நான் வெளியே போய் தோசை சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்கழி முழுக்க விடிவதற்கு முன்பே ஒலிபெருக்கி. பக்திமானுக்குப் பிரச்சினையில்லை, மற்றவர்கள் பஞ்சு கொண்டுபோகலாம். தை, ஆவணி முகூர்த்த நாட்களில் ஹோட்டல் ஹாலிலேயே கல்யாணம் இருக்கும், லிஃப்டில் சீர்வரிசைத் தட்டுகளுக்கு நடுவில்தான் ஏற வேண்டும். கொசு, கார்த்திகை முடிகிற வரை. வலை கேட்டால் தருவார்கள், ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வாடகை ரசீதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய கட்டடம், புதுக் கட்டடம் இரண்டுமே அந்த வரம்புக்குள்தான் வருகின்றன. கொஞ்ச நாள் இங்கே பழைய விகிதத்திலேயே ரசீது அடித்துக்கொண்டிருந்தார்கள். காட்டியதும் சண்டையில்லாமல் திருத்திக் கொடுத்தார்கள். கம்பெனிக் கணக்கில் தங்குகிறவர்கள், அந்த 5 சதவீதத்தில் உள்ளீட்டு வரியை, அதாவது தான் வாங்கும் சரக்குக்குக் கட்டிய வரியை, ஹோட்டல் கழித்துக்கொள்ள முடியாது என்பதால் அடிப்படை வாடகையைச் சத்தமில்லாமல் ஏற்றியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். இங்கே கொஞ்சம் ஏற்றினார்கள், ஆனாலும் மொத்தத்தில் முன்பைவிடக் குறைவாகத்தான் வருகிறது.

அடுத்த மகாமகம் 2028இல். போன முறை 2016 பிப்ரவரி 22. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற அந்தக் கூட்டத்தைக் கணக்கில் வைத்துத்தான் குளத்தைச் சுற்றி எல்லோரும் இப்போது கொத்து வேலையில் இறங்கியிருக்கிறார்கள். இந்த ஹோட்டலிலும் இரண்டாவது மாடி சிட்-அவுட்களை அடைக்கப் பேச்சு நடக்கிறது. கருத்துக் கேட்டு ஒரு படிவம் அறையில் வைக்கிறார்கள். நான் ஒவ்வொரு தடவையும் அதில் ஒரே வரியைத்தான் எழுதுகிறேன்: குழாயை மாற்றுங்கள், ஜன்னலைத் தொடாதீர்கள். நீங்களும் தங்கினால் அதையே எழுதுங்கள், நாலு பேர் எழுதினால் ஒருவேளை யாராவது படிப்பார்கள்.

பதிவு செய்ய ஆப் உதவாது, அதில் அறையைக் குறிப்பிட்டுக் கேட்க வழியில்லை. போன் பண்ணுங்கள், ராத்திரி ஒன்பதுக்கு மேல் பண்ணினால் இரவுப் பணி அண்ணன் எடுப்பார். பழைய கட்டடம், இரண்டாவது மாடி, குளத்துப் பக்கம், மோட்டாருக்கு மேலே வேண்டாம் என்று நான்கையும் சொல்லிவிடுங்கள். மாசி மகத்தை ஒட்டி வருவதாக இருந்தால் தை பிறந்ததுமே சொல்லி வைத்துவிடுவது நல்லது.