குன்னூர் கிரீன் டீ: ருசிக்கு நாலு ஸ்டார், கூடவே தரும் தாளுக்கு ஒன்றுகூட இல்லை

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் ரோட்டில் ஒரு டீ பேக்டரி கடையில் வாங்கிய கிரீன் டீ இது. டீ நல்ல டீ, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலை முழுசாகச் சுருண்டிருக்கிறது, பாக்கெட் அடியில் தூள் இல்லை. கொதித்த தண்ணீரை இறக்கி இரண்டு நிமிஷம் ஆறவிட்டு ஊற்றினால் இளமஞ்சளாக இறங்கும், கசப்பு நாக்கில் நிற்காது, கடைசியில் பச்சைப் பட்டாணி வாசம் லேசாக வரும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் துவர்த்துவிடும், அது டீயின் குற்றமில்லை.

ஒரு ஸ்டார் குறைத்தது விலைக்காக. என் கோபமெல்லாம் பாக்கெட்டோடு தரும் மடிப்புத் தாள்மேல்தான். "ஆன்டி ஆக்சிடன்ட் நிறைந்தது, நடுக்குவாதத்தையும் மறதி நோயையும் தடுக்கும்" என்று போட்டிருக்கிறார்கள். அம்மாவின் கை நடுங்குவதைப் பார்த்த கவுன்டர் பையன், "தினமும் மூணு வேளை கொடுங்கக்கா, மாத்திரையே தேவைப்படாது" என்றான். அம்மா அதை நம்பிக்கையோடு கேட்டுக்கொண்டிருந்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தாளில் பாதி உண்மை இருக்கிறது. பறித்த கொழுந்தைச் சூடு காட்டி நொதியை நிறுத்திவிடுவதால் கேட்டச்சின்கள் என்ற ஆன்டி ஆக்சிடன்ட்கள் கிரீன் டீயில் அப்படியே தங்குகின்றன. ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் வீரியமான மூலக்கூறுகள் மிஞ்சிப்போவது, மூளை செல்களைக் கெடுப்பதும் நிஜம். உடல் எடையில் சுமார் 2 சதவீதம் இருக்கும் மூளை, ஆக்சிஜனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. நடுக்குவாதத்தில் சாகிற செல்களில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற ரசாயனம் சிதையும்போதே ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற அப்படிப்பட்ட ஒரு மூலக்கூறு உண்டாகிறது.

ஆனால் அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள். செல்லைக் காப்பாற்றும் புரதங்கள்மேலேயே விழுகிறது. பார்க்கின் என்று ஒரு புரதம், சின்ன வயதிலேயே நடுக்குவாதம் வந்த ஜப்பானியர்களிடம் 1998-ல் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். கெட்டுப்போன புரதங்களிலும், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவிலும் 'இது கழிவு' என்று அடையாளம் ஒட்டுவது அதன் வேலை. அதிகமாகச் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு அதன் கந்தகத்தில் போய் ஒட்டிக்கொண்டு அந்த வேலையைக் குலைக்கிறது என்பது 2004-ல் தெரிந்தது. புரதங்களைச் சரியாக மடிக்க உதவும் பி.டி.ஐ. என்ற புரதத்துக்கும் இதே கதிதான், நடுக்குவாதம், மறதி நோயான அல்சைமர் இரண்டு நோயாளிகளின் மூளையிலும் 2006-ல் பார்த்தார்கள். காவலுக்கு இருப்பவையே முடங்கிவிட்டால் கோணலாக மடிந்த புரதங்கள் குவியத்தானே செய்யும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டி.ஜே.-1 என்ற இன்னொரு காவல் புரதத்தின் கதை. அதன் 106-வது இடத்தில் இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கொஞ்சம் ஆக்சிஜனேற்றம் அடைந்தால்தான் அந்தப் புரதம் பாதுகாப்பு வேலைக்கே இறங்குகிறது. அளவுக்கு மீறினால் செயலிழக்கிறது. அதாவது கொஞ்சம் ஆக்சிஜனேற்றம் செல்லுக்கே ஒரு தகவல், அதைத் துடைத்து எறிவது மருத்துவம் ஆகாது.

ஆன்டி ஆக்சிடன்ட் கொடுத்து முயன்று பார்க்காமலும் இல்லை. வைட்டமின் ஈ தினம் 2000 யூனிட் கொடுத்து நடுக்குவாதம் நிதானிக்கிறதா என்று பார்த்த பெரிய ஆய்வு 1993-ல் இல்லை என்றது. இன்னொரு ஆன்டி ஆக்சிடன்டான கோஎன்சைம் கியூ10, 2400 மில்லிகிராம் வரை கொடுத்தும் பலனில்லை என்று 2014-ல் முடிவு வந்தது. கிரீன் டீயின் சத்தான ஈ.ஜி.சி.ஜி.யையே, நடுக்குவாதத்துக்கு நெருங்கிய மல்டிபிள் சிஸ்டம் அட்ரஃபி நோயாளிகளுக்கு 48 வாரம் கொடுத்தார்கள். 2019-ல் வந்த முடிவு: நோய் நிதானிக்கவில்லை, சிலருக்குக் கல்லீரல் பாதித்தது. அது செறிவான மாத்திரை. சும்மா டீ குடிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் மாத்திரையிலேயே நடக்காதது கப்பில் நடக்கும் என்று எழுதுவது எப்படி?

சரி, டீ குடித்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். ஒன்றும் கெடாது. மாத்திரையை நிறுத்தினால்தான் ஆபத்து. நடுக்குவாத மாத்திரையான லெவோடோபாவைத் திடீரென்று விட்டால் உடம்பு கட்டைபோல் விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் நடுக்குவாதக்காரர் இருந்தால் அந்தத் தாளை அவர் கண்ணில் படாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

டீயை நான் மறுபடியும் வாங்குவேன். தகர டப்பா வேண்டாம், சாதாரண பாக்கெட்டே போதும், உள்ளே அதே இலைதான். கடைக்காரர்களிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன், அந்தத் தாளை எடுத்துவிட்டு எந்த மாசக் கொழுந்து, தண்ணீர் எவ்வளவு சூடு, எத்தனை நிமிஷம் ஊற வேண்டும் என்று அச்சடித்துக் கொடுங்கள் என்று.