சித்தப்பாவின் மொரிஸ் மைனரும் சுன்னாகத்துத் திருப்புளியும்

இந்த முறை யாழ்ப்பாணத்தில் நின்ற மூன்று கிழமையில் வங்கி அலுவல், காணி அலுவல் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. மனதைப் போட்டு அரித்தது சித்தப்பாவின் கார்தான். 1959 மொரிஸ் மைனர், 948 சிசி. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத நாட்களில், கார்புரேட்டருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி. இப்போது ஸ்டார்ட் செய்தாலே இரும்பில் இரும்பு தட்டுகிற மாதிரி டிக் டிக் என்று சத்தம். மிதித்தால் சத்தமும் வேகமாகிறது.

முதலில் போன கராஜில் பொனெட்டைத் திறந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "பிக் எண்ட் போட்டுது, என்ஜினை இறக்க வேணும், அட்வான்ஸ் தாங்கோ" என்றார்கள். பிக் எண்ட் என்றால் என்ஜினின் கீழே, பிஸ்டனின் தண்டு கிராங்கோடு பொருந்துகிற பேரிங். ஒன்றையும் சோதிக்காமல் சொன்னது எனக்குப் பெரிய கோபம்.

மச்சான் என்னைச் சுன்னாகத்தில் பழைய கார்கள் பார்க்கும் ஒரு ஐயாவிடம் கூட்டிப் போனான். எழுபது வயது தாண்டியவர். வந்ததும் கேள்விதான் கேட்டார்: "குளிரா இருக்கேக்கயும் வருதோ? ஒயில் லைற் எரியுதோ? பாரம் இழுக்கேக்க கூடுதோ?"

அப்புறம் நீளத் திருப்புளி ஒன்றை எடுத்து, பிடியைக் காதோடு அழுத்தி, நுனியை என்ஜினில் ஒவ்வொரு இடமாக வைத்தார். "நீங்களும் கேளுங்கோ தம்பி." கீழே பிளாக்கில் வெறும் உறுமல். மேலே வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் கவரில் வைத்ததும் காதுக்குள் சுத்தியல் அடித்தது போல இருந்தது! அதோடு விடவில்லை. சிலிண்டர்களுக்குத் தீப்பொறி தரும் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி மாட்டினார். ஒரு சிலிண்டருக்குள் பெற்றோல் எரியாவிட்டால் அதன் பிக் எண்டில் பாரம் குறையும், சத்தமும் அடங்க வேண்டும். நான்கிலும் சத்தம் அப்படியே. ஆக, பிக் எண்ட் இல்லை.

என்ஜினை ஆற விட்டு, கவரைக் கழற்றினார். வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவிலான இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு இருக்க வேண்டும். 6வது வால்வில் அதைப்போல இரண்டு மடங்கு. அந்த இடைவெளியை மாறாமல் பிடித்து வைக்கும் லாக் நட் இளகிக் கிடந்தது. 8 வால்வுக்கும் ஒரே கணக்குத்தான்: சரிசெய்கிற வால்வின் எண்ணோடு கூட்டினால் 9 வருகிற வால்வு முழுதாகத் திறந்திருக்க வேண்டும். 6ஐப் பிடிக்க 3 திறந்திருக்க வேண்டும். என்னையே என்ஜினைச் சுற்றும் கைப்பிடியைச் சுற்ற வைத்து, 3 முழுதாக இறங்கித் திறந்ததும் "நில்லுங்கோ" என்றார். ஒரு மணி நேரத்துக்குள் எட்டும் முடிந்தது.

ஸ்டார்ட் செய்தோம். டிக் டிக் இல்லை. முன்பக்கம் மட்டும் மெல்லிய சலசலப்பு.

"அது டைமிங் செயின், வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கிறது. தேய்ஞ்சிருக்கு, இப்ப பயமில்லை. லண்டனில எடுக்கலாம், அடுத்த முறை வரேக்க கொண்டு வாங்கோ."

கலண்டர் தாளொன்றைக் கிழித்து, செயினும், ஒயில் கசியாமல் கவருக்குக் கீழே வைக்கும் கேஸ்கெட்டும் என்று எழுதித் தந்தார். கூலியாக 3,000 ரூபாய்தான் கேட்டார். லண்டன் வந்து இறங்கிய அன்றே இரண்டுக்கும் ஆர்டர் போட்டுவிட்டேன்.